பாட முடியாதவருக்காகப் பாடுவோர்

1953ஆம் ஆண்டின் புத்தாண்டு நாள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கன்டன் என்னும் நகரிலுள்ள நினைவு மண்டபத்தில் மக்கள் திரண்டிருந்தனர். அந்நாட்டின் கிராமிய இசையுலகில் அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றிருந்த ஹேங்க் வில்லியம்ஸ் என்னும் பாடகரைக் காண்பதற்கும் அவர் பாடக் கேட்பதற்குமே அவர்கள் வந்திருந்தனர். ஆனால், மேடைக்கு வந்த அறிவிப்பாளர், அவர் வரமாட்டார் என்றும் வரும் வழியில் காரின் பின் ஆசனத்திலேயே இறந்துவிட்டார் என்றும் அறிவித்தார். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். மதுப் பழக்கத்தினால் நிகழ்ச்சிகளுக்கு வராமற் போவது அவருக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. இதுவும் ஒரு சாட்டு என்றே அவர்கள் எண்ணினர். அப்போது ஏனைய கலைஞர்கள் அவர் இயற்றிய 'ஐ சோ த லைட்', அதாவது 'நான் ஒளியைக் கண்டேன்' என்னும் பக்திப் பாடலைப் பாடத் தொடங்கினர். செய்தி மெய்யென்பதை மக்கள் உணர்ந்தனர். மண்டபத்தில் இருந்தவர்களும் சேர்ந்து பாடினர். இறந்தவருக்கு வயது 29 மாத்திரமே.

அன்பார்ந்த வாசகர்களே, களியாட்டத்திற்கென்று கூடிய ஒரு கூட்டம் ஒரு நொடியில் மரண வீடாக மாறிய அவ்வேளையை நாம் சற்று நிதானித்து நோக்குதல் நன்று. அங்கே குருவானவர் இல்லை. செபப் புத்தகம் இல்லை. முன்னேற்பாடு எதுவும் இல்லை. ஒருவரையொருவர் அறியாத மக்கள். ஆயினும், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாடல் அவர்களிடம் இருந்தது. அதைப் பாடியபோது அவர்கள் தனித்தனி மனிதர்களாய் இருக்கவில்லை. துயரத்தில் ஆறுதல் எங்கிருந்து பிறக்கிறது என்னும் கேள்விக்கு அந்த மண்டபம் ஒரு விடையைத் தருகின்றது. அவ்விடையை இவ்வாரம் சிந்திப்போம்.

நான்கு புறமும் அமர்ந்து

கிற்றார், வயலின், பான்ஜோ, மண்டலின் போன்ற எளிய இசைக்கருவிகளோடு அமெரிக்காவின் தென்பகுதி மக்கள் பாடிவரும் பக்திப் பாடல்களைக் 'கன்ட்ரி கொஸ்பல்' என்பர். கிராமிய நற்செய்திப் பாடல் என்று நாம் அதைத் தமிழில் வழங்கலாம். பப்திஸ்து, மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்த எம் சகோதர கிறிஸ்தவர்களின் வீடுகளிலும் வயல்வெளிக் கூட்டங்களிலும் வளர்ந்த இசை அது. பெரும்பாலும் இரண்டு மூன்று சுரக்கட்டுகளுக்குள் அடங்கிவிடும் அதன் மெட்டுகளில் இசை மேதைமையைத் தேடுவோர் ஏமாற்றமடையக்கூடும். ஆனால், அந்த எளிமைக்கு ஒரு நோக்கம் உண்டு. முதன்முறை கேட்பவரும் இரண்டாம் முறை பல்லவி வரும்போது கூடவே பாடிவிடலாம். எவரும் வெளியே நிற்க வேண்டியதில்லை.

இவ்விசையின் வேர்களுள் ஒன்றை அறிந்தால் இது மேலும் தெளிவாகும். 1844ஆம் ஆண்டில் ஜோர்ஜியா மாநிலத்தில் பி. எப். வைட், ஈ. ஜே. கிங் ஆகிய இருவர் 'சேக்ரெட் ஹார்ப்' என்னும் பாடல் நூலை வெளியிட்டனர். இசை கற்றிராத உழவர்களும் பாட வேண்டும் என்பதற்காக, சுரங்கள் முக்கோணம், வட்டம், சதுரம், சாய்சதுரம் ஆகிய நான்கு வடிவங்களில் அதில் அச்சிடப்பட்டிருந்தன. அந்நூலிலிருந்து பாடுவோர் இன்றும் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் ஒருவரையொருவர் நோக்கி அமர்கின்றனர். பாடலை நடத்துபவர் நடுவில் நிற்கிறார். அங்கே மேடையும் இல்லை. கேட்போர் கூட்டமும் இல்லை. வந்தவர் அனைவரும் பாடுபவரே. நண்பகலில் வீடுகளிலிருந்து கொண்டுவந்த உணவை மரநிழலில் பகிர்ந்து உண்கின்றனர். பின்னர் மீண்டும் பாடுகின்றனர்.

அந்தக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. நாளின் ஒரு வேளையில் பாட்டை நிறுத்தி, அவ்வாண்டில் இறந்துபோனவர்களின் பெயர்களை ஒருவர் வாசிப்பார். நோயினாலும் முதுமையினாலும் அன்று வர முடியாதவர்களின் பெயர்களும் வாசிக்கப்படும். பின்னர் அவர்களுக்காக ஒரு பாடல் பாடப்படும். பாட வர முடியாதவர்களின் இடத்தை வந்திருப்பவர்களின் குரல் நிரப்புகின்றது. திருப்பலியில் இறந்தோரையும் நோயுற்றோரையும் பெயர் சொல்லி நினைவுகூரும் நமக்கு இவ்வழக்கம் அந்நியமானதன்று.

இவ்விசையின் பாடல்களுள் பல, உண்மையான துயரத்தின் நடுவே பிறந்தவை. ஜோர்ஜியாவில் இசைப் பள்ளி நடத்திய அந்தோனி ஷோவால்ட்டர் என்பவருக்கு அவருடைய முன்னாள் மாணவர் இருவரிடமிருந்து கடிதங்கள் வந்தன. இருவருடைய மனைவியரும் இறந்துபோயிருந்தனர். அவர்களுக்கு ஆறுதல் மடல் எழுத அமர்ந்த ஆசிரியர், இணைச்சட்ட நூலின் 33ஆம் அதிகாரத்திலே கடவுளின் நித்திய புயங்களைப் பற்றி மோசே கூறும் வார்த்தையை அதில் சேர்த்தார். அந்த வார்த்தையே ஒரு பல்லவியாக அவருள் உருவெடுத்தது. சரணங்களை எலிஷா ஹொப்மன் என்னும் போதகர் எழுத, 1887ஆம் ஆண்டில் அது பாடலாக வெளிவந்தது. 'லீனிங் ஒன் த எவர்லாஸ்டிங் ஆம்ஸ்' என்னும் அப்பாடலைக் கிறிஸ்தவ உலகு இன்றும் பாடுகின்றது. மனைவியை இழந்த இரு கணவர்களுக்கு எழுதப்பட்ட அனுதாப மடலே அதன் தொடக்கம் என்பதைப் பாடுவோர் பலர் அறியார்.

வர்ஜீனியா மலைக் கிராமமொன்றின் கார்ட்டர் குடும்பத்தார் 1935ஆம் ஆண்டில் ஒலிப்பதிவு செய்த புகழ்பெற்ற பாடலும் தாயை அடக்கம் செய்யச் செல்லும் பிள்ளையின் குரலிலேயே அமைந்தது. சாவினால் உடைந்துபோன குடும்ப வட்டம் விண்ணகத்தில் மீண்டும் ஒன்றுசேருமா என்று அது கேட்கிறது. இந்நாட்களிலும் அந்நாட்டின் கிராமிய இசை நிகழ்ச்சிகள் பல, மேடையில் உள்ளவர்களும் கீழே உள்ளவர்களும் சேர்ந்து அப்பாடலைப் பாடுவதோடு நிறைவுறுகின்றன. கேள்வியாகப் பாடப்படும் அவ்வட்டம், பாடும் அந்தச் சில நிமிடங்களில் ஓரளவு நிறைவேறிவிடுகிறது எனலாம்.

ஒளியைக் காணாதவர்

மீண்டும் ஹேங்க் வில்லியம்ஸிடம் வருவோம். அவர் அலபாமா மாநிலத்தின் ஏழைக் குடும்பமொன்றில் 1923ஆம் ஆண்டில் பிறந்தவர். பப்திஸ்து ஆலயத்தில் தாய் ஆர்மோனியம் வாசிக்க, அருகே அமர்ந்து பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர். பிறவியிலேயே முதுகெலும்பில் குறைபாடு இருந்தமையால் வாழ்நாள் முழுவதும் வலியோடு போராடினார். வலியை மறக்க மதுவையும் மருந்துகளையும் நாடினார். 1952ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதத்தில், நாடறிந்த 'கிராண்ட் ஓல் ஒப்ரி' வானொலி இசை நிகழ்ச்சியிலிருந்தும் நீக்கப்பட்டார்.

அந்நிகழ்ச்சியின் நகைச்சுவைக் கலைஞரான மின்னி பேர்ல், அவருடைய இறுதி ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நலிந்து தள்ளாடிய நிலையில் இருந்த அவரைக் காரில் அழைத்துச் சென்றபோது, அவரை ஆற்றுப்படுத்துவதற்காக எல்லோரும் பாடினராம். அவருடைய 'நான் ஒளியைக் கண்டேன்' பாடலையே அவரும் சேர்ந்து பாடத் தொடங்கினார். ஆனால், சிறிது பாடியதும் நிறுத்திவிட்டார். ஒளி எதுவும் இல்லை என்றும் அதுவே தம் துன்பம் என்றும் கூறினாராம்.

எத்துணை வேதனையான காட்சி! ஆயிரமாயிரம் பேருக்கு ஒளியைப் பாடிக் கொடுத்தவர் தமக்கென்று ஒரு கீற்றையும் காணவில்லை. இவரை வேடதாரி என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால், நம்பிக்கை என்பது எப்போதும் ஒருவர் தம் நெஞ்சுக்குள் தாமே ஏற்றி, தாமே காத்து நிற்கும் விளக்கன்று. காற்று பலமாக வீசும் நாட்களில் அது அணைந்துபோகக்கூடும். அப்போது அருகில் நிற்பவரின் விளக்கே நமக்கும் வழி காட்ட வேண்டும்.

மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரம் இவ்வுண்மையை ஒரு காட்சியாகத் தீட்டுகின்றது. முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வருகின்றனர். கூட்டத்தின் மிகுதியால் உள்ளே நுழைய வழியில்லை. கூரையைப் பிரித்து அவரைக் கட்டிலோடு கீழே இறக்குகின்றனர். அந்நோயாளர் ஒரு சொல்லும் பேசியதாக நற்செய்தியாளர் எழுதவில்லை. அவருக்கு நம்பிக்கை இருந்ததா, இல்லையா என்றும் நமக்குச் சொல்லப்படவில்லை. இயேசு கண்ணோக்கியதாகச் சொல்லப்படுவது தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையையே. அதைக் கண்டே படுத்திருந்தவரின் பாவங்களை மன்னித்து, அவரை எழுந்து நடக்கச் செய்கிறார்.

கன்டன் நகர மண்டபத்தில் பாடிய மக்கள் அந்த நால்வரின் வேலையையே செய்தனர். ஒளி இல்லை என்று சொன்ன மனிதரை, ஒளியைப் பற்றிய அவருடைய பாடலிலேயே ஏந்தி இறைவனின் முன்னே இறக்கி வைத்தனர். பாட முடியாதவருக்காகப் பிறர் பாடுகின்றனர். நம்ப முடியாதவருக்காகத் திருச்சபை நம்புகின்றது. கிறிஸ்தவ ஆறுதலின் உட்பொருள் இதுவே.

மிலான் நகரில் ஓர் இரவு

திருச்சபையின் வரலாற்றில் இதற்குப் பழமையான சான்று உண்டு. 386ஆம் ஆண்டில் மிலான் நகரில், பேரரசி யுஸ்தினாவின் ஆட்கள் ஆலயத்தைக் கைப்பற்ற முனைந்தபோது, மக்கள் தங்கள் ஆயரான புனித அம்புரோசியாரோடு ஆலயத்திற்குள்ளேயே இரவும் பகலும் காத்திருந்தனர். அச்சமும் சோர்வும் அவர்களை வாட்டின. துயரத்தில் அவர்கள் துவண்டுவிடலாகாது என்பதற்காகவே, கீழைத் திருச்சபைகளின் வழக்கத்தைப் பின்பற்றி மக்கள் அனைவரும் சேர்ந்து பாடும் முறை அங்கு ஏற்படுத்தப்பட்டது என்று புனித அகுஸ்தீனார் தம் 'ஒப்புதல்கள்' நூலில் எழுதுகிறார். அடுத்த ஆண்டில் திருமுழுக்குப் பெற்ற அவரும் அப்பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் வடித்ததாகவும் அக்கண்ணீர் தமக்கு நலமாயிருந்ததாகவும் குறிப்பிடுகிறார்.

திருவிவிலியமும் இதையே காட்டுகின்றது. 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புலம்பல்கள். அழுகையை அடக்கிவிட்டு வா என்று இறைவன் தம் மக்களுக்குச் சொல்லவில்லை. அழுகைக்கே வார்த்தைகளையும் இராகத்தையும் கொடுத்தார். பிலிப்பி நகரச் சிறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டிருந்த நிலையில், பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடினர். மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தனர் என்று திருத்தூதர் பணிகள் நூல் குறிப்பிடுகின்றது. நம் ஆண்டவரும் இறுதி இராவுணவின் பின்னர், சீடர்களோடு புகழ்ப்பாடல் பாடிவிட்டே ஒலிவ மலைக்குப் புறப்பட்டார். வியர்வை இரத்தத் துளிகளாக விழப்போகும் அவ்விரவில், அவரும் தம் தோழர்களின் குரலோடு தம் குரலைச் சேர்த்துக்கொண்டார்.

திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், 2007ஆம் ஆண்டில் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், ஆறுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை விளக்குகிறார். தனிமையில் இருப்பவரோடு உடனிருந்து, அவருடைய தனிமை தனிமையாக இல்லாதவாறு செய்வதே அச்சொல் சுட்டும் பொருள் என்பது அவருடைய விளக்கம். துயரத்தின் காரணத்தை நாம் நீக்கிவிட முடியாதிருக்கலாம். இறந்தவரை எழுப்ப நம்மால் இயலாது. தனிமையை நீக்க இயலும். சேர்ந்து பாடும்போது, ஒரே மூச்சில் இழுத்து ஒரே மூச்சில் விடுகின்றோம். அருகிலிருப்பவரின் குரல் தழுதழுத்து நின்றுபோனால், நம் குரல் அவ்வரியை முடித்து வைக்கின்றது. அவர் மீண்டும் சேரும்வரை பாடல் அவருக்காகக் காத்திருக்கின்றது.

இனிமை மட்டும் போதாது

ஆயினும், இவ்வாறுதலில் ஓர் ஆபத்தும் உண்டு என்பதை மறைத்தல் முறையன்று. பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையே தம்மைக் கவர்ந்துவிடும் வேளைகளில் தாம் குற்றம் புரிவதாக அகுஸ்தீனாரே அதே நூலில் அறிக்கையிடுகிறார். இனிமை நம்மைத் தேற்றலாம். தூங்க வைக்கவும் செய்யலாம்.

ஹேங்க் வில்லியம்ஸின் இறுதிச் சடங்கு 1953ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் திகதி, மொண்ட்கொமரி நகரின் பொது மண்டபத்தில் நடைபெற்றது. மண்டபம் கொள்ளாத கூட்டம். ரோய் அக்கப் என்னும் பாடகர் முன்னின்று 'நான் ஒளியைக் கண்டேன்' பாடலைப் பாடுவித்தார். ரெட் போலி என்பவர் 'பீஸ் இன் த வலி', அதாவது 'பள்ளத்தாக்கில் அமைதி' என்னும் பாடலைப் பாடினார். அப்பாடலை இயற்றியவர் தோமஸ் டோர்சி என்னும் கறுப்பினத்தவர். 1932ஆம் ஆண்டில் மகப்பேற்றின்போது மனைவியையும் அதையடுத்துப் பிறந்த குழந்தையையும் இழந்து, அத்துயரத்தின் நடுவிலிருந்தே உலகறிந்த செபப் பாடலொன்றைப் படைத்த அதே டோர்சி. அவருடைய பாடல் வெள்ளையர் ஒருவரின் பிரேதப் பெட்டியின் அருகில் வெள்ளையர் ஒருவரால் பாடப்பட்டு, எல்லோரையும் அழச் செய்தது. ஆனால், அந்த நகரில் கறுப்பின மக்கள் வெள்ளையரோடு சேர்ந்து அமர முடியாது. அன்று வந்திருந்த கறுப்பினத்தவரும் பிரித்தே அமர்த்தப்பட்டனர்.

ஒரே பாடல், ஒரே கண்ணீர், ஒரே ஆண்டவர்; ஆசனங்கள் மட்டும் வேறு. அங்கிருந்தோரில் எத்தனை பேருக்கு அது உறுத்தியிருக்கும்? நீதியை மறந்தவர்களின் பாடல்களைக் கேட்கத் தாம் விரும்புவதில்லை என்று ஆமோஸ் இறைவாக்கினர் வழியாக ஆண்டவர் உரைத்ததை இங்கே நினைவுகூர்வது தகும். அதே மொண்ட்கொமரி நகரில், மூன்று ஆண்டுகள் முடிவதற்குள், 1955 டிசெம்பரில், கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணிக்கும் போராட்டத்தைத் தொடங்கினர். 381 நாட்கள் நடந்தே வேலைக்குச் சென்ற அம்மக்கள் தங்கள் ஆலயங்களில் கூடிய இரவுகளில் பக்திப் பாடல்களையே பாடினர். அவர்களை அப்பாடல்கள் தூங்க வைக்கவில்லை. மறுநாளும் நடப்பதற்குக் கால்களைக் கொடுத்தன. உண்மையான ஆறுதலை இனங்காண இதுவே வழி. பாடல் முடிந்தபின் நாம் எங்கே நடக்கின்றோம்?

இன்னொரு நிகழ்வும் இதே பாடத்தைக் கற்பிக்கின்றது. 1968ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் திகதி, கலிபோர்னியாவின் போல்சம் சிறைச்சாலைக்குள் ஜோனி காஷ் என்னும் பாடகர் கைதிகளுக்காகப் பாடினார். அச்சிறையின் சிற்றாலயத்தைப் பற்றிக் கிளென் ஷேர்லி என்னும் கைதி இயற்றிய பாடலின் ஒலிநாடா முந்திய நாளே அவருக்குக் கிடைத்திருந்தது. ஓரிரவுக்குள் அதைக் கற்று, நிகழ்ச்சியின் இறுதிப் பாடலாக, முன்வரிசையில் அமர்ந்திருந்த ஷேர்லிக்கு முன்னாலேயே பாடினார். எவரும் பொருட்படுத்தாத ஒரு மனிதரின் செபம் உலகெங்கும் ஒலித்தது. 1971ஆம் ஆண்டில் அவர் விடுதலை பெற்றார். காஷ் அவருக்கு வேலையும் கொடுத்தார். ஆனால், வெளியுலக வாழ்வோடு அவரால் ஒத்துப்போக முடியவில்லை. 1978ஆம் ஆண்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இதைக் கேட்டு, பாடலால் என்ன பயன் என்று நாம் கைவிட்டுவிடலாகாது. அந்த நாளின் ஆறுதல் பொய்யன்று. ஆனால், ஒரு நாளின் பாடல் ஒரு வாழ்நாளின் காயத்தை ஆற்றிவிடும் என்று எண்ணுவதும் தவறு. நால்வரும் கட்டிலைக் கூரைவரை மட்டும் தூக்கிச் சென்றுவிட்டு அகலவில்லை; இறுதிவரை கயிற்றைப் பிடித்திருந்தனர். பாடல் என்பது தூக்கத் தொடங்குவது. அதன்பின் நாட்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உடனிருத்தல் வேண்டும்.

ஒலிபெருக்கி அழுவதில்லை

அன்பார்ந்த வாசகர்களே, இவை தொலைதூர நாட்டின் செய்திகள். ஆயினும், இவ்விசை எமது நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. 1964ஆம் ஆண்டில் விமான விபத்தில் மறைந்த ஜிம் ரீவ்ஸ் பாடிய பக்திப் பாடல்களை வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறையொன்று இங்கும் உண்டு. இசைத்தட்டிலிருந்து வந்த அக்குரல் தனித்திருந்த பலருக்கு உண்மையாகவே துணையாயிருந்தது. அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், இசைத்தட்டுக்கு ஓர் எல்லை உண்டு. நாம் அழுகின்றோம் என்பதை அது அறியாது. நமக்காக ஒரு கணம் நிறுத்திக் காத்திருக்கவும் அதனால் முடியாது.

இன்று எமது மரண வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். பந்தலில் ஒலிபெருக்கி கட்டப்படுகின்றது. இறுவட்டிலோ கைத்தொலைபேசியிலோ உள்ள பாடல்கள் காலை முதல் இரவுவரை ஒலிக்கின்றன. வந்தவர்கள் அதற்கு மேலாகச் சத்தமிட்டு உரையாடுகின்றனர். பெட்டியின் அருகில் அமர்ந்திருப்பவர் தனியாகவே அழுகின்றார். தவக்காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கத்தை ஒருவர் இராகத்தோடு படிக்க, சூழ இருந்தவர்கள் ஆண்டவரின் பாடுகளை எண்ணிக் கண்ணீர் சிந்திய மரபு எம்முடையது. ஒருவர் ஒப்பாரி சொல்ல, மற்றவர்கள் தோளைத் தழுவிக்கொண்டு கூட அழுத சமூகமும் எம்முடையதே. ஆலயத்திலும் பாடகர் குழாம் பாட, நாம் கேட்டுக்கொண்டிருக்கின்றோம். பாடுவது வேறு எவருடையதோ வேலை என்று எப்போது முடிவு செய்தோம்?

2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில் ஒரு மரண வீட்டில் நான் செபம் சொல்லக் காத்திருந்தேன். திடீரென மின்சாரம் நின்றது, ஒலிபெருக்கியும் ஓய்ந்தது. இருளில் எவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு மூலையிலிருந்து முதிய தாயொருவர் மாதாவின் பாடலொன்றை மெல்லத் தொடங்கினார். குரல் நடுங்கியது, சுருதியும் சேரவில்லை. ஆனால், இரண்டாம் வரிக்குள் பந்தலில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டனர். இரண்டு நாட்களாக எவரோடும் பேசாதிருந்த அவ்வீட்டு மகன், மூன்றாம் பாடலில் வாய்விட்டு அழுதார். அருகிலிருந்தவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டனர். மின்சாரம் மீண்டும் வந்தபோது எவரும் ஒலிபெருக்கியை இயக்கவில்லை.

போரினாலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையினாலும் 2019ஆம் ஆண்டின் உயிர்ப்பு ஞாயிறுத் தாக்குதல்களினாலும் உறவுகளை இழந்தவர்கள் எம் நடுவே வாழ்கின்றனர். காணாமற் போன பிள்ளையின் படத்தோடு வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மார் இருக்கின்றனர். அவர்களுக்கு அடக்கச் சடங்கு கூட இல்லை. இறுதிப் பாடல் பாட ஒரு கல்லறையும் இல்லை. இவர்களுள் சிலர் ஞாயிறு தோறும் ஆலயத்தின் கடைசி வாங்கில் வாய் திறவாமல் அமர்ந்திருப்பர். அவர்களுக்கு ஒளி தெரிகின்றதா என்று நாம் கேட்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் சென்று அமர்ந்து, அவர்கள் காதில் விழுமாறு பாடினால் போதும். திருப்பலி முடிந்தபின் அவர்களோடு வீடுவரை நடந்து, அவர்களுடைய நீதிக்கான குரலோடு நம் குரலையும் சேர்த்தால் பாடல் நிறைவுபெறும்.

குரல் வளம் இல்லையே என்று தயங்க வேண்டாம். நால்வரும் பயில்வான்களாக இருந்தனர் என்று நற்செய்தி சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இவ்விரவு செபமாலையின் பின், அனைவருக்கும் தெரிந்த ஒரு பாடலை எல்லோருமாகப் பாடிப் பழகுங்கள். பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள். ஒரு நாள் அவர்களுக்கு அது தேவைப்படும். உங்கள் நெஞ்சில் ஒளி மங்கி, வார்த்தை எழாத நாள் உங்களுக்கும் வரலாம். அன்று வெட்கப்படாமல் ஆலயத்திற்கு வந்து அமருங்கள். நீங்கள் பாட வேண்டியதில்லை. நாங்கள் உங்களுக்காகப் பாடுவோம்.

ஆறுதல் அனைத்திற்கும் ஊற்றான இறைவன், நாம் பெற்ற ஆறுதலைப் பிறருக்கு வழங்கும் வரத்தை நமக்கு அருள்வாராக!